வேறு மாநிலத்தில் பயிற்சி பெற்ற சமரசர்: பட்டியலில் இடம் பெறும் வழிமுறைகள்

நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சமரசத் தீர்வு என்னும் வழியும் உடன் பேசப்படுகிறது. நம் நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றின் கீழுள்ள நீதிமன்றங்களிலும் நிலுவையிலுள்ள வழக்குகள் 4 கோடிக்கும் மேற்பட்டவை. இவற்றுள் கணிசமானவை குடும்பச் சொத்து, வாடகை, வாணிகக் கணக்கு, மணவாழ்க்கை ஆகியவை பற்றியவை. இத்தகைய பூசல்களை இரு தரப்பினரும் ஒருங்கமர்ந்து பேசி முடித்துக்கொள்ள இயலும். ஆனால் அவ்வாறு பேச வைப்பதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் தேவை. அவரே சமரசர்.

சமரசர்கள் போதவில்லை என்று ஒருபுறம் கூறப்படுகிறது. மற்றொருபுறம், முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்ந்ததும், புதிய இடத்தில் அவருடைய பயிற்சிக்கு மதிப்பு உண்டா, பட்டியலில் அவர் பெயர் சேருமா என்னும் ஐயம் எழுகிறது. விண்ணப்பிப்பவருக்கும் வழி தெளிவாகத் தெரிவதில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலருக்கும் சில வேளைகளில் தயக்கம் ஏற்படுகிறது. இந்தச் சிக்கலின் தன்மையையும், அதைத் தீர்த்துக்கொள்ளும் முறையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு

பாடத்தைத் தெளிவாக்க, கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பெண் வழக்கறிஞர் 2006-ஆம் ஆண்டில் கர்நாடக மாநில வழக்கறிஞர் கழகத்தில் பதிவு செய்துகொண்டு பெங்களூரில் தொழில் நடத்தி வந்தார். அங்கேயே 40 மணி நேர சமரசப் பயிற்சியை முடித்தார். 7 வழக்குகளில் சமரசப் பேச்சை நடத்தினார். 2024-இல் கணவரின் பணிமாற்றத்தை ஒட்டி ஜெய்ப்பூரில் குடியேறினார். அங்கு சமரசராகப் பணியாற்ற விரும்புகிறார். அவர் தம்முடன் எதை எடுத்துச் செல்கிறார்? எதை விட்டுச் செல்கிறார்? இக்கேள்விக்கு விடை காண, முதலில் சட்டப் பின்னணியை அறிந்துகொள்வது இன்றியமையாதது.

சமரசர் யார்?

நீதிபதி தீர்ப்பு வழங்குகிறார். நடுவர் தீர்வம் வழங்குகிறார். சமரசர் இவ்விரண்டையும் செய்வதில்லை. தரப்பினரே தமக்கு ஏற்ற முடிவை அடைவதற்கு அவர் துணை நிற்கிறார். தொடக்க உரை, கூட்டு அமர்வு, தனித்தனிச் சந்திப்பு, நிறைவு என நான்கு கட்டங்களாக இப்பணி நடைபெறுகிறது. அவரிடம் சொல்லப்படுவது இரகசியம். உடன்பாடு ஏற்படாமல் வழக்கு மீண்டும் நீதிமன்றம் சென்றாலும், சமரசப் பேச்சில் ஒருவர் கூறியதை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. சமரசருக்கு ஆணையிடும் அதிகாரம் ஏதும் இல்லை. தரப்பினர் அவர்மீது வைக்கும் நம்பிக்கையே அவருடைய ஒரே மூலதனம். ஆகையால்தான் அவருடைய தகுதியையும் நடத்தையையும் முன்கூட்டியே ஆராய்ந்து பட்டியல் வகுக்கும் முறை ஏற்பட்டது.

சட்டப் பின்னணி

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 1999-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் புகுத்தப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கைத் தீர்க்க நடுவர் தீர்ப்பு, இணக்க முயற்சி, மக்கள் நீதிமன்றம் உட்பட்ட நீதிமன்றவழித் தீர்வு, சமரசம் ஆகிய நான்கு வழிகளை இப்பிரிவு காட்டுகிறது. இத்திருத்தங்களை எதிர்த்துச் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நீதிபதி எம். ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு வகுத்த மாதிரி விதிகள் 2003-ஆம் ஆண்டின் மாற்றுமுறைத் தீர்வு மற்றும் சமரச விதிகள் என வழங்கப்படுகின்றன. 2005 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை உயர் நீதிமன்றங்களின் கவனத்துக்கு வைத்தது.

அதே 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில், அன்றைய தலைமை நீதிபதி ஆர்.சி. லகோட்டி உச்ச நீதிமன்றத்தின் சமரச, இணக்கத் திட்டக் குழுவை அமைத்தார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், நீதிமன்றத்துடன் இணைந்த சமரச மையமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. அதைத் தொடர்ந்து தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களிலும் மையங்கள் தோன்றின. எவ்வகை வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பலாம், எவற்றை அனுப்பலாகாது என்பதை 2010-இல் அஃப்கான்ஸ் வழக்கின் தீர்ப்பு வகைப்படுத்திக் கூறியது. வாணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-அ பிரிவின்படி, உடனடி இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வாணிக வழக்குகளில் வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இதனால் சமரசர்களின் தேவை மேலும் பெருகிற்று.

பயிற்சி ஒன்று, பட்டியல் பல

இங்கேதான் சிக்கலின் வேர் உள்ளது. பயிற்சி நாடு முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்தது. உச்ச நீதிமன்றத் திட்டக் குழு 40 மணி நேரப் பயிற்சியையும், அதன்பின் 10 உண்மை வழக்குகளில் சமரசம் நடத்திய அனுபவத்தையும் சமரசருக்கு இன்றியமையாதவை என வகுத்தது. ஆனால் பட்டியலை அக்குழு வகுப்பதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவின்படி நடைமுறை விதிகளை ஆக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றங்களுக்கு உரியது. நம் நாட்டில் 25 உயர் நீதிமன்றங்கள் உள்ளன. மாதிரி விதிகளைத் தழுவி ஒவ்வொன்றும் தத்தம் விதிகளை வகுத்துக்கொண்டன. ஆதலால் தகுதி நிபந்தனைகளும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. வழக்கறிஞருக்கு 15 ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று மாதிரி விதிகள் கூறுகின்றன. தில்லி உயர் நீதிமன்றத்தின் 2004-ஆம் ஆண்டு விதிகளோ 10 ஆண்டுகளே போதும் என்றன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். 'வேறு மாநிலம்' என்று நாம் பொதுவாகக் கூறினாலும், உண்மையில் பொருட்படுத்த வேண்டியது 'வேறு உயர் நீதிமன்றம்' என்பதே. நாகபுரியில் பயிற்சி பெற்றவர் பனாஜிக்குச் சென்றால் மாநிலம் மாறுகிறது. ஆனால் மகாராஷ்டிரம், கோவா இரண்டும் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை. அவ்வாறே குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அசாம், நாகாலாந்து, மிசோரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் பொதுவானது. இத்தகைய இடங்களில் விதி மாறுவதில்லை; எந்த மாவட்டப் பட்டியலில் பெயர் இடம்பெற வேண்டும் என்பதே கேள்வி. எனவே விண்ணப்பதாரர் முதலில் காண வேண்டியது, தாம் செல்லும் ஊர் எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் அடங்குகிறது என்பதையே.

வழக்கறிஞர் பதிவுடன் ஒப்பீடு

இந்நிலையை வழக்கறிஞர் பதிவுடன் ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு புலப்படும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, ஒரு மாநில வழக்கறிஞர் கழகத்தின் பதிவேட்டிலுள்ள பெயரை வேறொரு மாநிலக் கழகத்தின் பதிவேட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பம் இந்திய வழக்கறிஞர் கழகத்துக்குச் செய்யப்படல் வேண்டும். பெயர் மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்று அப்பிரிவு கூறுகிறது. முந்தைய பதிவேட்டில் பெற்றிருந்த பணிமூப்பு புதிய பதிவேட்டிலும் தொடரும் என்றும் அதே பிரிவு உறுதியளிக்கிறது. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவருக்கு இதில் தடை நேரக்கூடும்.

சமரசர் பட்டியலுக்கு இத்தகைய மாற்ற முறை வகுக்கப்படவில்லை. பெங்களூர் மையத்தின் பட்டியலிலிருந்து ஜெய்ப்பூர் பட்டியலுக்குப் பெயரை 'மாற்ற' முடியாது. புதிதாக விண்ணப்பித்துப் புதிதாகச் சேர்தல் வேண்டும். ஆனால் புதிதாக விண்ணப்பிப்பது வேறு, புதிதாகப் பயில்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பலர் தேவையின்றி மனம் தளர்கின்றனர்.

எவை உடன் வரும், எவை வாரா?

நம் எடுத்துக்காட்டுக்கு மீண்டும் வருவோம். அவ்வழக்கறிஞரின் தகுதிகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, முழுமையாக உடன் வருவன. 2006 முதல் 2024 வரை அவர் ஈட்டிய 18 ஆண்டுப் பணிமூப்பு, பதிவு மாற்றத்தால் குறைவதில்லை. 15 ஆண்டு என்னும் நிபந்தனையை வைத்துப் பார்த்தாலும் அவர் தகுதி உடையவரே. அவர் பெற்ற 40 மணி நேரப் பயிற்சியும் நடந்து முடிந்த உண்மை. உச்ச நீதிமன்றத் திட்டக் குழுவின் பாடத்திட்டப்படி, அதன் பயிற்றுநர்களால் அளிக்கப்பட்டது என்று சான்றிதழில் குறிக்கப்பட்டிருக்குமானால், அதன் மதிப்பை எங்கும் எளிதில் எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது, ஆய்வுக்குப் பின் ஏற்கப்படக்கூடியன. அவர் 7 வழக்குகளில் சமரசம் நடத்தியுள்ளார். 10 என்னும் அளவுக்கு 3 குறைகிறது. அந்த 7-ஐ ஏற்று எஞ்சிய 3-ஐ மட்டும் கண்காணிப்பின்கீழ் நடத்தச் சொல்வதா, அன்றி வேறு வகையில் முடிவு செய்வதா என்பது புதிய உயர் நீதிமன்றத்தின் சமரசக் குழுவின் விருப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே முந்தைய மையத்தின் சான்று இங்கு மிகவும் முக்கியத்துவம் பெறுகிறது.

மூன்றாவது, உடன் வாராதன. முந்தைய பட்டியலில் பெற்றிருந்த இடமும், அந்த மையம் வழங்கிய அடையாள அட்டையும் புதிய இடத்தில் உரிமை எதையும் தாரா. அவற்றைக் காட்டித் தம்மைப் பட்டியலிடப்பட்ட சமரசர் எனக் கூறிக்கொள்வது தவறு.

விண்ணப்பிக்கும் முறை

பயிற்சி பெற்றவர் பின்வரும் வரிசையில் செயற்படுவது நலம்.

1. புறப்படும் முன்னரே பழைய மையத்திடமிருந்து ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளுதல். பயிற்சிச் சான்றிதழ், பயிற்சி நடைபெற்ற நாட்களும் மணிக்கணக்கும், பயிற்றுநர்களின் பெயர், நடத்திய சமரசங்களின் எண்ணிக்கை, பட்டியலில் இருந்த கால அளவு ஆகியன எழுத்து மூலம் இருத்தல் வேண்டும். ஊர் மாறிய பின் கடிதம் வாயிலாக இவற்றைப் பெறுவது கடினம்.

2. வழக்கறிஞராயின், பதிவு மாற்றத்துக்கு விண்ணப்பித்து, அதன் ஒப்புகையைப் பாதுகாத்தல். வழக்கறிஞர் அல்லாத வல்லுநராயின், தம் துறையில் பெற்ற அனுபவ ஆண்டுகளுக்குச் சான்று சேர்த்தல். மாதிரி விதிகள் 15 ஆண்டு அனுபவமுள்ள பிறதுறை வல்லுநர்களுக்கும், ஓய்வு பெற்ற நீதிபதிகளுக்கும், ஓய்வு பெற்ற மூத்த அலுவலர்களுக்கும் இடமளிக்கின்றன.

3. புதிய உயர் நீதிமன்றத்தின் சமரச விதிகளைப் படித்தல். தகுதி, தகுதியின்மை, பட்டியலின் கால அளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். நொடித்துப்போனவர் என அறிவிக்கப்பட்டோர், ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றோர் முதலியோர் மாதிரி விதிகளின்படி தகுதியற்றோர் ஆவர்.

4. உயர் நீதிமன்றச் சமரச மையத்துக்கு மட்டுமன்றி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் விண்ணப்பித்தல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த இவ்வமைப்புகளும் சமரசர் பட்டியலை வைத்துள்ளன. வழக்குக்கு முந்தைய வாணிகச் சமரசங்கள் பெரிதும் இவற்றின் வாயிலாகவே நடைபெற்று வந்துள்ளன.

5. புத்தாக்கப் பயிற்சிக்கோ கண்காணிப்பின்கீழ் நடத்தும் சமரசங்களுக்கோ தாம் அணியமாக இருப்பதை விண்ணப்பத்திலேயே தெரிவித்தல். இது தாழ்வன்று. புதிய இடத்தின் வழக்கங்களைக் கற்க இதுவே சிறந்த வழி.

ஓர் எச்சரிக்கை

நடத்திய சமரசங்களுக்குச் சான்று கேட்கப்படும்போது, சிலர் தம்மிடமுள்ள குறிப்புகளையோ உடன்பாட்டுப் பத்திரங்களின் நகல்களையோ இணைத்துவிட எண்ணக்கூடும். இது பெரும் பிழை. தரப்பினரின் பெயரும் அவர்கள் மனம் விட்டுப் பேசியவையும் வெளியாருக்கு உரியவை அல்ல. தமக்குத் தகுதி உண்டு எனக் காட்டும் முயற்சியிலேயே சமரசருக்குரிய முதற்கடமையை மீறியவர் ஆகிவிடுவார். எத்தனை வழக்குகள், எவ்வகைப் பூசல்கள், எத்தனையில் உடன்பாடு ஏற்பட்டது என்னும் அளவில் மையத்தின் பொறுப்பாளர் அளிக்கும் சான்றே போதுமானது. அலுவலர்களும் இதற்கு மேல் கேட்டல் கூடாது.

பட்டியலில் சேரும் வரை

பட்டியலில் பெயர் சேரும் வரை சமரசர் வாளாவிருக்க வேண்டுமோ என்னும் கேள்வி எழலாம். அவ்வாறன்று. மாதிரி விதிகளின்படி, தரப்பினர் அனைவரும் ஒருமனதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், அவர் பட்டியலில் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. தகுதியின்மை ஏதும் இல்லாதிருந்தால் போதும். ஆனால் நீதிமன்றம் தானே ஒருவரை நியமிக்கும்போது பட்டியலையே நாடும். அறிமுகமில்லாத ஊரில் குடியேறிய ஒருவரைத் தரப்பினர் தாமே தேர்ந்தெடுப்பது அரிது. ஆகவே பட்டியல் என்பது சட்டத்தால் அடைக்கப்பட்ட கதவன்று. மக்கள் அவரை அறிந்துகொள்ளும் வாயில் எனலாம்.

மொழியும் மண்ணும்

வேற்று மாநிலப் பயிற்சியை ஏற்பதில் அலுவலர்கள் காட்டும் தயக்கத்துக்கு நியாயமான ஒரு காரணமும் உண்டு. சமரசம் மொழியால் நடைபெறும் பணி. கூட்டு அமர்வில் அண்ணனும் தம்பியும் தம் ஊர்ப் பேச்சில் சொல்லும் ஒரு சொல்லில் பூசலின் மூலம் அடங்கியிருக்கும். அதைப் புரிந்துகொள்ளாதவர் எத்தனை மணி நேரம் பயின்றிருந்தும் பயனில்லை. நிலவுரிமைப் பதிவேடுகளின் பெயரும் முறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சீர்வரிசை, பாகப்பிரிவினை ஆகியவற்றின் வழக்கங்களும் வேறு.

ஆயினும் இக்காரணத்தைக் காட்டிப் பயிற்சியையே மறுப்பது பொருந்தாது. மொழியறிவைத் தனியே சோதிக்கலாம். உள்ளூர் மொழி போதாதவர், வாணிகப் பூசல்களிலோ, இரு தரப்பினரும் இந்தியோ ஆங்கிலமோ அறிந்த வழக்குகளிலோ பணியாற்றலாம். வேறு மாநிலத்திலிருந்து வேலை தேடி வந்த தொழிலாளர் குடும்பங்களின் பூசலில், அவர்தம் தாய்மொழி அறிந்த சமரசர் கிடைப்பது அரும்பேறு. நம் எடுத்துக்காட்டிலுள்ள வழக்கறிஞரின் கன்னட அறிவு, ஜெய்ப்பூரில் குடியேறிய கன்னடக் குடும்பங்களுக்குப் பெருந்துணையாக அமையக்கூடும். ஆகவே பட்டியலில் ஒவ்வொருவரும் அறிந்த மொழிகளைக் குறிப்பது பயனுள்ள நடைமுறையாகும்.

2023-ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம்

பல பட்டியல்கள் என்னும் நிலையை மாற்றி நாடு தழுவிய ஒரு பதிவுக்கு வழிகோலியது 2023-ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம். இதற்கு 2023 செப்டம்பர் 14 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இந்திய சமரசக் கவுன்சில் என்னும் அமைப்பை நிறுவவும், அது சமரசர்களைப் பதிவு செய்யும் முறையை வகுக்கவும், பயிற்சி நிறுவனங்களை அங்கீகரிக்கவும், சமரசர்களின் தொழில் ஒழுக்க நெறிகளை நிர்ணயிக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவர், நீதிமன்ற மையத்தின் பட்டியலில் உள்ளவர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ளவர், அங்கீகாரம் பெற்ற சமரச சேவை அமைப்பின் பட்டியலில் உள்ளவர் என நால்வகைச் சமரசர்களை இச்சட்டம் குறிப்பிடுகிறது. எனவே தேசியப் பதிவு வந்த பின்னும் உள்ளூர்ப் பட்டியல்கள் மறைந்துவிடா என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

சமரசத்தை 120 நாட்களில் முடித்தல் வேண்டும் என்றும், தரப்பினர் இசைந்தால் மேலும் 60 நாட்கள் நீட்டிக்கலாம் என்றும் இச்சட்டம் கூறுகிறது. சமரச உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போலவே நிறைவேற்றத்தக்கது. மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்குத் தகாத பொருள் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே அதை எதிர்க்கலாம். இத்துணை வலிமை வாய்ந்த உடன்பாட்டை உருவாக்கத் துணை நிற்பவரின் தகுதியை ஆராய்வதில் கண்டிப்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இச்சட்டம் ஒரே நாளில் முழுவதும் நடைமுறைக்கு வரவில்லை. கவுன்சிலை அமைப்பது பற்றிய பிரிவுகள் உட்பட ஒரு பகுதி மட்டும் முதற்கட்டமாக 2023 அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகையால் எந்தப் பிரிவு, எந்த நாள் முதல் செல்லும் என்பதை அரசிதழ் அறிவிக்கையைக் கண்டே உறுதி செய்துகொள்ள வேண்டும். சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருப்பதாலேயே ஒரு பிரிவு நடைமுறையில் உள்ளது எனக் கொள்ளலாகாது.

அலுவலர்களின் பொறுப்பு

விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலர் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்ளலாம். பயிற்சி உண்மையில் நடந்ததா? அது 40 மணி நேர அளவுக்கும் பாடத்திட்டத்துக்கும் ஏற்றதா? விண்ணப்பதாரர்மீது தகுதியின்மை ஏதும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை சரியாக இருக்குமாயின், பயிற்சி நடந்த இடம் எது என்பது தடையாகலாகாது. ஐயம் இருப்பின் பழைய மையத்துக்கு நேரடியாக எழுதிக் கேட்கலாம். ஏற்க இயலாதபோது, எது குறைகிறது என்பதைக் காரணத்துடன் தெரிவித்தல் முறை. 'வேறு மாநிலப் பயிற்சி' என்னும் ஒற்றை வரியில் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது, மீண்டும் அதே 40 மணி நேரத்தைப் பொதுச் செலவில் கற்பிப்பதற்கே வழிவகுக்கும்.

முடிவுரை

ஒரு சமரசரை உருவாக்குவதில் பயிற்றுநரின் உழைப்பும், மையத்தின் செலவும், கற்றவரின் காலமும் அடங்கியுள்ளன. அவர் ஊர் மாறியதாலேயே இவை வீணாகுமாயின் இழப்பு அவருக்கு மட்டுமன்று. பாகப்பிரிவினை வழக்கில் பல ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறும் ஒரு குடும்பமும் அதில் பங்கு கொள்கிறது. தகுதியை ஆராய்வதில் கண்டிப்பும், தகுதியுடையவரை ஏற்பதில் தாராளமும் ஒருங்கே அமைதல் வேண்டும். பயின்றவர் தம் ஆவணங்களை ஒழுங்காக வைத்திருப்பதும், அலுவலர் அவற்றைத் திறந்த மனத்துடன் நோக்குவதும் இதற்கு அடிப்படை.

பயிற்சி வினாக்கள்

1. சமரசர், நடுவர், நீதிபதி ஆகியோரின் பணிகளை வேறுபடுத்திக் காட்டுக.

2. 'வேறு மாநிலம்' என்பதைவிட 'வேறு உயர் நீதிமன்றம்' என்பதே பொருந்தும். ஏன்?

3. வழக்கறிஞர் பதிவு மாற்றத்துக்கும் சமரசர் பட்டியலில் சேர்வதற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?

4. நடத்திய சமரசங்களுக்குச் சான்று அளிக்கையில் இரகசியத்தை எவ்வாறு காப்பது?

5. ஒருவர் 2011-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, 40 மணி நேரப் பயிற்சியும் 10 சமரசங்களும் முடித்து, 2024-இல் வேறு உயர் நீதிமன்ற எல்லைக்குள் குடியேறுகிறார். 15 ஆண்டு நிபந்தனை உள்ள இடத்திலும், 10 ஆண்டு நிபந்தனை உள்ள இடத்திலும் அவர் நிலை என்ன? ஆராய்க.